கணவாய் மையும் செபியா நிறமும்

செபியா என்றால் கணவாய். கைபர் கணவாய், போலன் கணவாய் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அது இல்லை. மீன்கடையில் ஐஸ் கட்டி மேல் வழுவழுவென்று கிடக்குமே, அந்தக் கணவாய். கிரேக்கர்கள் அதைத்தான் ‘ஸேபியா’ என்றார்கள்.

இன்று இந்தச் சொல்லைக் கேட்டு மீன்கடையை நினைப்பவர் அநேகமாக யாரும் இல்லை. போனில் எடுத்த படத்தைத் தாத்தா காலத்துப் படம் மாதிரி ஆக்க ஒரு ஃபில்டரைத் தட்டுகிறோம். அதன் பெயர் செபியா. கிண்டிலில் கண் கூசாமல் படிக்கப் பக்கத்தை வெளிர்மஞ்சளும் பழுப்பும் கலந்த மாதிரி மாற்றிக்கொள்கிறோம், அதுவும் செபியா. ஓவியப் பெட்டியில் கறுப்புக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட கறுப்பாகவே ஒரு ட்யூப் இருக்கும். அதன் மேலும் செபியா என்றுதான் எழுதியிருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பெயர் கொண்ட மூன்று ஆட்கள் மாதிரி இருக்கும், ஒரே ஆள் மாதிரி இருக்காது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் சுலபம். பெயர் முதலில் ஒரு பிராணிக்கு இருந்தது. அங்கிருந்து அதன் மைக்குப் போனது, மையிலிருந்து ஓவிய வண்ணத்துக்கு, வண்ணத்திலிருந்து போட்டோ ஸ்டுடியோவின் ரசாயனத் தட்டுக்கு, கடைசியில் கம்ப்யூட்டர் கணக்குக்கு. ஒவ்வொரு தடவையும் பெயர் மட்டும்தான் கைமாறியது. சரக்கு பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

முதலில் சரக்கைப் பார்த்துவிடலாம்.

நம் ஊர் மீன்கடைகளில் கணவாய் என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு வகையைக் காட்டுவார்கள். ஒல்லியாக, நீளமாக, உள்ளே கண்ணாடித் தாள் போல ஒரு மெல்லிய குச்சி வைத்திருப்பது ஊசிக் கணவாய். சென்னைப் பக்கம் கடமா, கடம்பா என்பார்கள். இன்னொன்று அகலமாக, தடியாக, முதுகுக்குள் வெள்ளை ஓடு வைத்திருக்கும் ஓட்டுக் கணவாய். நம் கதைக்கு நாயகன் இந்த ஓட்டுக் கணவாய்தான். பேச்சில் மீன் என்றாலும் இது மீன் இல்லை. நத்தை, சிப்பி இவற்றுக்குச் சொந்தக்காரனான மெல்லுடலி. எட்டுக் கைகள், இரையைப் பிடிக்க நீளும் இரண்டு உணர்கைகள், பெரிய கண். தோலின் நிறத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் மாற்றிக்கொள்ளும். ஆனால் அதற்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உலகத்துக்கே ஒரு நிறத்தின் பெயரைக் கொடுத்த பிராணிக்கு நிறக்குருடு என்பதை நான் படித்த அன்று கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

உடம்பின் அடிப்பக்கத்தில், பின்னால், பேரிக்காய் வடிவில் வெள்ளி பூசிய மாதிரி மினுங்கும் ஒரு சின்னப் பை இருக்கிறது. அதுதான் மைப்பை. பெரிய மீன் துரத்தினால் கணவாய் அந்த மையைப் பீய்ச்சிவிட்டு ஓடும். வெறும் புகைத்திரை என்று நினைக்க வேண்டாம். மையோடு கோழை மாதிரி ஒரு வழவழப்பும் கலந்து வருவதால், சில சமயம் மை தண்ணீரில் கரையாமல் கணவாய் அளவுக்கே ஒரு உருண்டையாக நிற்கும். துரத்துகிறவன் அதைக் கவ்வுவான். நிஜக் கணவாய் அதற்குள் வேறு பக்கம் போயிருக்கும். கணவாய் ஒளிந்துகொள்ள மையைப் பயன்படுத்துகிறது என்று அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார்.

கணவாய் சுத்தம் செய்தவர்களுக்கு இந்தப் பை நன்றாகத் தெரியும். கத்தி லேசாகப் பட்டாலும் போதும், சிங்க், கை, வெள்ளைச் சதை எல்லாம் ஒரே கறுப்பு. எங்கள் மீன்கடை அக்கா அதைப் பெருவிரலால் நெம்பி உடையாமல் எடுத்து வாளியில் எறிவார். ஒரு நாள், “அக்கா, அந்தப் பையைத் தூக்கிப் போடாதீங்க, தனியா ஒரு கவர்ல போட்டுக் குடுங்க” என்றேன். “அது எதுக்கு தம்பி? கறை பட்டா போகாதே” என்றார். படம் வரையத்தான் என்று சொன்னதும் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். எதற்கு வாங்கினேன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

பெயருக்கு வருவோம். கிரேக்கத்தில் ‘ஸேபியா’, லத்தீனில் ‘சேபியா’, இத்தாலிய மொழியில் இன்றைக்கும் ‘செப்பியா’. எல்லாமே கணவாய்தான். கிரேக்கச் சொல்லுக்கும் முந்தைய வேர் எது என்பதில் மொழியறிஞர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. அழுகுதல் என்ற பொருளுள்ள ஒரு கிரேக்க வினைச்சொல்லோடு அதை முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. ‘செப்டிக்’ என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களே, அதுவும் அந்த வினையின் வழி வந்ததுதான். மைப்பையோடு இரண்டு நாள் கழித்த எனக்கு இந்த விளக்கத்தை நம்பத்தான் ஆசை. ஆனால் நாற்றம் ஒரு சான்று ஆகாது.

பிராணியின் பெயர் மைக்குத் தாவியது எப்போது? கி.பி. முதல் நூற்றாண்டிலேயே தாவிவிட்டது என்பதற்கு அழகான ஓர் இடம் இருக்கிறது. பெர்சியஸ் என்ற ரோமானியக் கவிஞர் தன் அங்கதக் கவிதைகளில் மூன்றாவதில் ஒரு சோம்பேறி மாணவனைக் கிண்டல் செய்கிறார். பொழுது விடிந்து வெகுநேரம் ஆன பிறகு எழுந்து, எழுத உட்காருகிறான். மை கெட்டியாக இருக்கிறது, எழுதுகோலிலேயே தொங்குகிறது என்று ஒரு புகார். சரி என்று தண்ணீர் விட்டால், கறுத்த செபியா கரைந்து காணாமலே போகிறது என்று அடுத்த புகார். ஹோம்வொர்க் செய்யாததற்கு மையின் மேல் பழி போடுவதற்கு வயது இரண்டாயிரம் என்று தெரிகிறது. நமக்கு இங்கே வேண்டியது இரண்டு தகவல்கள். ஒன்று, அவர் ‘செபியா’ என்று சொல்வது பிராணியை அல்ல, மையை. இரண்டு, அதைக் கறுப்பு என்கிறார். பழுப்பு என்ற பேச்சே அங்கே இல்லை.

1758-இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோது ஐரோப்பியக் கடல்களில் கிடைக்கும் ஓட்டுக் கணவாய்க்கு ‘செபியா அஃபிசினாலிஸ்’ என்று வைத்தார். பின்பாதிக்கு, மருந்துச் சரக்கு அறையைச் சேர்ந்தது என்று பொருள். ஏன் மருந்து? கணவாயின் முதுகு ஓடுதான் காரணம். நம் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் வெள்ளையாக, லேசாக, நகத்தால் கீறினால் பொடி உதிரும் ஒரு துண்டைக் கொடுப்பார்களே, அது கணவாய் ஓடு. கிளிக் கூண்டில் செருகி வைப்பதும் அதுதான். கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் அலையின் நுரைதான் காய்ந்து கட்டியாகிவிட்டது என்று நினைத்துப் பெயர் வைத்திருக்க வேண்டும். சமஸ்கிருதத்திலும் ‘சமுத்ரபேனம்’, அதாவது கடலின் நுரை. ஆக, நம்மிடம் கணவாயின் ஓடு வேறு பெயரில் மருந்துக் கடைக்குப் போனது. ஐரோப்பாவில் அதன் மை அதன் பெயரிலேயே வண்ணக் கடைக்குப் போனது. நம் கடல்களில் அதிகம் சிக்கும் ஓட்டுக் கணவாய் ‘செபியா ஃபராவோனிஸ்’, எகிப்திய மன்னர்களின் ஃபாரோ என்ற பட்டத்தைப் பெயரில் தாங்கிய தம்பி.

இப்போது அந்த கவருக்கு வருகிறேன். மைப்பையை ஒரு பழைய பீங்கான் தட்டில் வைத்து ஊசியால் குத்தினேன். வந்தது பேஸ்ட் மாதிரி கெட்டி. தொட்டு வெள்ளை டிராயிங் தாளில் ஒரு கோடு இழுத்தால் மைக் கறுப்பு, சந்தேகமே இல்லாத கறுப்பு. அதே தூரிகையை ஒரு ஸ்பூன் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரால் இரண்டாவது கோடு. டீத்தூள் கொதித்த நிறம். இன்னும் தண்ணீர் சேர்த்து மூன்றாவது கோடு. காய்ந்ததும் பார்த்தால், பழைய கல்யாணப் பத்திரிகையின் ஓரம் மாதிரி இளம்பழுப்பு. மூன்று கோடும் ஒரே பையிலிருந்து வந்தவை. ராத்திரி அந்தத் தாளை மேஜை மேல் விட்டுவிட்டுத் தூங்கியது என் தப்பு. காலையில் பூனை மூன்றாவது கோட்டை நக்கியே தீர்த்திருந்தது.

ஒரே பொருள் எப்படிக் கறுப்பாகவும் பழுப்பாகவும் இருக்க முடியும்? காப்பி டிகாக்‌ஷனை நினைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃபில்டரின் அடிப்பாத்திரத்தில் பார்த்தால் கறுப்பு. ஒரு சொட்டை டம்ளர் தண்ணீரில் விட்டால் பழுப்பு. பொருள் மாறவில்லை, அடர்த்திதான் மாறியது. கணவாய் மையின் நிறம் மெலனின் என்ற நிறமியால் வருவது. இது எல்லா ஒளியையும் விழுங்கும், ஆனால் சமமாக விழுங்காது. நீலத்தை ஆசையாக, சிவப்பைக் கொஞ்சம் தயக்கத்தோடு. அடுக்கு தடியாக இருந்தால் தயங்கி விட்டதையும் சேர்த்து விழுங்கிவிடும், மிச்சமே இருக்காது, கறுப்பு. மெல்லிசாக இருந்தால் நீலம் போய்விடும், சிவப்பும் மஞ்சளும் கொஞ்சம் தப்பித்து நம் கண்ணுக்கு வரும். அந்தக் கலவையைத்தான் பழுப்பு என்கிறோம். நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் மெலனினும் இதே குடும்பம்தான். மெலனினை ஆராய்கிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வாங்கி வைத்துக்கொள்ளும் மாதிரிச் சரக்கே கணவாய் மையிலிருந்து எடுத்ததுதான்.

அதனால்தான் சமையல்காரரும் ஓவியரும் ஒரே மையை வேறு வேறு நிறம் என்று சொல்கிறார்கள். வெனிஸ் பக்கம் இந்த மையைப் போட்டு நூடுல்ஸ் போன்ற பாஸ்தாவும் சோறும் கிண்டுவார்கள். அங்கே இதன் பெயர் ‘நேரோ டி செப்பியா’, கணவாய்க் கறுப்பு. சட்டியில் இருப்பது கெட்டி மை. ஓவியர் தாளில் இருப்பது தண்ணீர் விட்ட மை. அவர் பழுப்பு என்கிறார். இருவர் சொல்வதும் சரி.

பொருளின் பெயரையே நிறத்துக்கு வைப்பது நமக்குப் புதிதில்லை. மஞ்சள் என்பது கிழங்கு, அப்புறம்தான் நிறம். அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின். புடவைக்கடையில் அது வெறும் கலர். காவி, கல்லும் மண்ணுமாகக் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், பிரவுன் என்பதற்குத்தான் நம்மிடம் உறுதியான ஒரு சொல் இல்லை. பழுப்பு என்று பாடப்புத்தகத்தில் எழுதுகிறோம். பழு என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. பழுத்த இலையின் நிறம், வெற்றிலை பழுத்துப்போனால் வருமே, அந்த மஞ்சள் சாயல். இன்று அதையே கரடிக்கும் சர்க்கரைக்கும் நெய்வேலி நிலக்கரிக்கும் சேர்த்துப் போர்த்தியிருக்கிறோம். இலங்கைத் தமிழர்கள் கபிலம் என்பார்கள், மண்ணிறம் என்பார்கள். எனக்கு மண்ணிறம்தான் பிடித்திருக்கிறது. கடையில் யாரும் இதெல்லாம் சொல்வதில்லை. காப்பிக் கலர், பாக்குக் கலர், முடிந்தது.

ஐரோப்பிய ஓவியர்களின் பழுப்புகளும் இப்படிப் பொருளிலிருந்து வந்தவையே. சியன்னா, இத்தாலியின் சியனா நகரப் பகுதி மண். அம்பர் என்று ட்யூபில் இருப்பதும் மண்தான், மாங்கனீசு கூடுதலாக உள்ள இரும்பு மண். உம்ப்ரியா என்ற வட்டாரத்தின் பெயரா, நிழல் என்ற பொருளுள்ள ‘ஓம்ப்ரா’வா என்று இரண்டு விளக்கம் சொல்வார்கள். ட்யூபில் பர்ன்ட் என்று சேர்ந்திருந்தால் அந்த மண்ணைச் சூளையில் வறுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எகிப்திய மம்மிகளை அரைத்துச் செய்த மம்மி பிரவுன் என்ற ஒன்றும் உண்மையாகவே விற்பனையில் இருந்தது. அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை திசை மாறிவிடும்.

கணவாய் மை நல்ல ஓவிய வண்ணமாக ஆனது 18-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஓவியர் யாக்கோப் ஸைடல்மான் இந்த மையைச் செறிவாக எடுத்து வாட்டர்கலராக்கும் முறையைக் கொண்டுவந்தார். பொதுவான செய்முறை இதுதான். மைப்பை சீக்கிரம் அழுகும், அதனால் உடனே காயவைக்க வேண்டும். காய்ந்ததைப் பொடித்துக் காரக் கரைசலில் போட்டால் மெலனின் கரையும். வடிகட்டி, அதில் அமிலம் விட்டால் கரைந்த மெலனின் திரும்பவும் மண்டி மாதிரி அடியில் படியும். அதை நன்றாகக் கழுவிக் காயவைத்து, கருவேலம் பிசின் வகையைச் சேர்ந்த கோந்தோடு அரைத்தால் வண்ண வில்லை தயார். வாசனையும் போய்விடும், பூனையும் வராது.

ஓவியர்கள் இதன் மேல் விழுந்தடித்துக்கொண்டு வந்ததற்குக் காரணம் நான் இழுத்த மூன்று கோடுகள்தான். ஒரே வில்லை, ஒரு டம்ளர் தண்ணீர். கறுப்பிலிருந்து காணாமல் போகும் பழுப்பு வரை இடைவெளியே தெரியாமல் இறங்கி வரலாம். பனிமூட்டம், அந்தி, தூரத்து மலை எல்லாம் ஒரே வண்ணத்தில். டிரெஸ்டனிலேயே வாழ்ந்த காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷ் ஆரம்ப காலத்தில் பெயர் வாங்கியது எண்ணெய் ஓவியத்தில் அல்ல, செபியாவில். 1805-இல் கவிஞர் கதே முன்னின்று நடத்திய வைமர் நகர ஓவியப் போட்டியில் அவர் பரிசு பெற்றது இரண்டு செபியா படங்களுக்கு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் செபியா என்பது வண்ணத்தின் பெயராகப் புழங்க ஆரம்பித்துவிட்டது. பெர்சியஸின் கறுப்பு இங்கேதான் பழுப்பாக மாறுகிறது, தண்ணீரின் உபயத்தில்.

பெயர் பிரபலமானதும் ஒரு தொல்லை வந்தது. பழுப்பாக இருந்த பழைய படங்களையெல்லாம் செபியா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், ஸைடல்மானுக்கு இருநூறு முந்நூறு வருஷம் முன்பு வரைந்தவற்றையும் சேர்த்து. அவற்றில் பல பிஸ்டர் என்ற மை, அதாவது விறகுப் புகைக்கரியைக் கொதிக்க வைத்து வடித்தது. அடுப்புக்கு மேல் கூரையில் பிடித்திருக்குமே, அந்தக் கரி. இன்னும் பல, இரும்பு மை. ஓக் மரத்தில் பூச்சி கொட்டியதால் வரும் முண்டுகளை அன்னபேதியோடு சேர்த்துச் செய்வது. அந்த முண்டு நமக்குத் தெரியாததில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் உரைமருந்தில் சேர்க்கும் மாசிக்காய் அதேதான். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மை எழுதிக் காய்ந்ததும் கறுப்பு, நூறு வருஷம் கழித்துப் பார்த்தால் பழுப்பு. கண்ணால் பார்த்து இது கணவாய், இது புகைக்கரி, இது இரும்பு என்று பிரிப்பது கஷ்டம். இப்போதெல்லாம் அருங்காட்சியகங்கள் சோதித்துப் பார்க்காதவரை வெறுமே ‘பழுப்பு மை’ என்று போட்டுவிடுகின்றன. நேர்மையான வழி அது.

கணவாய் மையின் ஆயுசைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் புதைபடிவம் தேடியவர் மேரி ஆனிங். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தமான பெலம்நைட் என்ற பழங்கால உயிரியின் கல்லான உடலுக்குள் மைப்பையும் மையும் காய்ந்து அப்படியே இருப்பதைக் கண்டார். அவருடைய தோழி எலிசபெத் ஃபில்போட் அந்தக் கல் மையைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து, 1833-இல் இக்தியோசார் என்ற கடல் பல்லியின் மண்டையோட்டை வரைந்தார். 18 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய மை. அதே கடலில் நீந்திய பிராணியின் படம். தண்ணீர் பட்டதும் வேலை செய்தது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 16 கோடி ஆண்டு பழைய புதைபடிவ மையின் மெலனினை இன்றைய கணவாயின் மெலனினோடு ஒப்பிட்டு, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே என்றது. கல்லுக்குள் இப்படி நீடிக்கும் மை, தாளில் நேர் வெயில் பட்டால் மட்டும் மெல்ல வெளிறும். படத்தை ஜன்னலுக்கு எதிரில் மாட்டாதீர்கள்.

இனி போட்டோ. இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். செபியா போட்டோவில் கணவாய் மை ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் படங்கள் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில், சூரிய ஒளியிலேயே அச்சாயின. அந்த முறையில் படத்தை உண்டாக்கும் வெள்ளித் துகள்கள் மிக மிக நுண்ணியவை. அந்த நுணுக்கத்தில் வெள்ளி கறுப்பாகத் தெரியாது, செம்பழுப்பாகத் தெரியும். அதனால் பழைய படம் பழுப்பாக இருப்பது பல சமயம் பிறவிக் குணம்தான். பிறகு வந்த தாள்களில் துகள் பெரிதாகி, படம் கறுப்பு வெள்ளையானது. ஆனால் பழகிய கண்ணுக்கு அந்த இதமான நிறம் வேண்டியிருந்தது, மனித முகத்துக்கு அது பொருந்தவும் செய்தது. எனவே கறுப்பு வெள்ளைப் படத்தை வேண்டுமென்றே பழுப்பாக்கினார்கள்.

செய்யும் விதம் பார்க்க மாயாஜாலம் மாதிரி இருக்கும். இரண்டு தட்டுகள். முதல் தட்டில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த மஞ்சள் கரைசல். கழுவி முடித்த கறுப்பு வெள்ளைப் படத்தை அதில் போட்டு ஆட்டினால் கறுப்பு மெல்லக் கரைந்து, மாப்பிள்ளை, பெண், பின்னால் நின்ற சித்தப்பா எல்லோரும் போய், வெளிறிய நிழல் மட்டும் மிஞ்சும். வெள்ளி அங்கேதான் இருக்கிறது, வெள்ளி புரோமைடாக மாறியிருக்கிறது. தண்ணீரில் நன்றாக அலசி, இரண்டாவது தட்டில், சோடியம் சல்பைடு கரைசலில் போட்டால் சில நொடிகளில் சித்தப்பா திரும்பி வருவார், இந்தத் தடவை பழுப்பாக. அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வைத்தே செய்ய வேண்டும். அழுகலுக்கும் செபியாவுக்கும் முடிச்சுப் போட்டவர்கள் இதைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

திரும்பி வந்த நிறம் வெள்ளி சல்பைடு. பெட்டியில் வைத்த வெள்ளிக் கொலுசு கொஞ்ச நாளில் கறுத்துப்போகிறதே, அந்தக் கறுப்பும் வெள்ளி சல்பைடுதான். கொலுசில் அதைத் தேய்த்துத் தேய்த்துப் போக்குகிறோம், போட்டோவில் காசு கொடுத்து வரவழைத்தோம். காசு வீணில்லை. வெறும் வெள்ளி காற்றில் உள்ள அசுத்தங்களால் கெடும். சல்பைடாகிவிட்ட வெள்ளிக்கு இனிக் கெட அதிகம் மிச்சமில்லை. அதனால் படம் நீடித்து நிற்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அச்சிட்ட பிறகு, படத்தை நிலைநிறுத்தப் போடும் ஹைப்போ என்ற ரசாயனத்தைச் சரியாகக் கழுவாமல் விட்ட படங்கள் வருஷங்கள் போகப் போகத் தானே மஞ்சளித்துப் பழுப்பாகும். அங்கேயும் வெள்ளியைப் பிடிப்பது கந்தகம்தான். ஆக, அக்கறையாகச் செய்த படமும் அவசரத்தில் விட்ட படமும் கடைசியில் ஒரே மாதிரி நிறத்துக்கு வந்து நிற்கின்றன. வீட்டில் இருக்கும் பழைய படம் எந்த வகை என்று பார்க்க வேண்டுமானால் ஓரங்களைப் பாருங்கள். நிறம் சீராக இருந்தால் ஸ்டுடியோக்காரர் செய்தது. திட்டுத்திட்டாக, ஒரு மூலை மட்டும் வெளுத்திருந்தால் கழுவாத வினையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்தப் பழுப்புக்கு செபியா என்ற பெயர் வந்தது, ஓவியர்களின் செபியாவைப் போலத் தெரிந்ததால். அவ்வளவுதான் சம்பந்தம். கலர் பிலிம் வந்து, பழுப்புப் படங்கள் பரணுக்குப் போனதும் இந்த நிறத்துக்கே ஒரு புது வேலை கிடைத்தது: பழசு என்று சொல்வது. சினிமாவில் பிளாஷ்பேக் தொடங்கினால் திரை பழுப்பாகும், நமக்கும் புரிந்துவிடும்.

போனில் உள்ள ஃபில்டரில் நாற்றமும் இல்லை, வெள்ளியும் இல்லை, கூட்டலும் பெருக்கலும்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். செபியா ஃபில்டர் அந்த மூன்றையும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து புதிதாக மூன்று எண்களை எழுதுகிறது. பரவலாகப் புழங்கும் ஒரு சூத்திரத்தில், மூன்றும் 100 ஆக உள்ள ஒரு சாம்பல் புள்ளியைப் போட்டால் சிவப்பு 135, பச்சை 120, நீலம் 94 என்று வெளியே வரும். சிவப்பு ஏறிவிட்டது, நீலம் இறங்கிவிட்டது; நீலத்தை ஆசையாக விழுங்கும் மெலனின் செய்த வேலையை எண்கள் செய்கின்றன. செபியா என்ற பெயருக்கு இணையத்தில் வழக்கமாகக் கொடுக்கும் நிறக் குறியீடு #704214, அதாவது சிவப்பு 112, பச்சை 66, நீலம் 20. ஃபில்டர் தருவதற்கும் இதற்கும் ஒட்டே இல்லை. ஓவிய ட்யூபோ இதைவிடக் கறுப்பு.

அந்த ட்யூபிலாவது கணவாய் இருக்கிறதா என்றால், பெரும்பாலும் அங்கேயும் இல்லை. ட்யூபைத் திருப்பிப் பின்பக்கம் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். நிஜ செபியாவுக்கு வண்ணப் பட்டியலில் இயற்கைப் பழுப்பு 9 என்று தனி எண் உண்டு. உங்கள் ட்யூபில் இருக்கப்போவது அநேகமாகக் கரிக் கறுப்பும் இரும்பு மண்ணும் கலந்த கலவை. வெயிலில் வெளிறாது, விலை குறைவு. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை, கணவாய்க்கும் இருக்காது. ஹோமியோபதிக் கடையில் செபியா 200 என்று கேட்டால் கொடுக்கும் சர்க்கரை உருண்டைக்கு மூலப்பொருள் நிஜமாகவே இந்த மைதான். ஆனால் 200 தடவை, ஒவ்வொரு தடவையும் நூறில் ஒரு பங்காக நீர்த்த பிறகு மையில் எதுவும் மிச்சம் இருக்க வழியில்லை. தண்ணீர் விட்டதும் செபியா காணாமல் போனது என்ற அந்த மாணவனின் புகாரை இங்கே கொடுத்திருக்க வேண்டும்.

நீங்களும் மூன்று கோடு இழுத்துப் பார்க்க விரும்பினால் ஓட்டுக் கணவாய் என்று கேட்டு வாங்குங்கள். ஐஸில் ரொம்ப நாள் கிடந்ததில் மை சரியாக வராது. பழைய தட்டு, பழைய சட்டை. ஒரு பை போதும், ஒரு தாள் நிறைய வரும்.

அடுத்த வாரம் நான் போனபோது அக்கா கேட்காமலே இரண்டு மைப்பையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். “கறுப்புலயா தம்பி வரையிறீங்க?” என்று கேட்டார். “கறுப்பு இல்லக்கா, பழுப்பு” என்றேன். ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டிக் காட்டினார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அப்புறம் அந்தக் கையை வாளித் தண்ணீரில் அலசினார். கல்லில் வழிந்து ஓடிய தண்ணீர் பழுப்பாக இருந்தது.